பல் சொத்தை: யாங்கோன்ல நம்ம சனங்க அடிக்கடி கேக்குற கேள்விங்க

நான் யாங்கோன்ல ஒரு பல் க்ளினிக்ல டாக்டர் பக்கத்துல நின்னு சாமான் எடுத்துக் கொடுக்குற வேலை பாக்குறேன், பதினெட்டு வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை காலைல கோவில்ல பிள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்குறேன். ரெண்டு எடத்துலயும் கேக்குற கேள்வி ஒண்ணே தான். க்ளினிக்ல டாக்டர் பர்மா பாஷையில சொல்றது நம்ம பெரியவங்களுக்குப் பாதி தான் புரியுது, வெளிய வந்து என்கிட்ட "என்னம்மா சொன்னாங்க"ன்னு கேப்பாங்க. அதையெல்லாம் ஒரே எடத்துல எழுதி வச்சா நல்லாருக்கும்னு தான் இது. கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன், பதிலை எங்க டாக்டர்கிட்ட வாசிச்சுக் காமிச்சுத் திருத்தினேன்.

பல்லுல பூச்சி அரிக்குதுங்குறாங்களே, நெசமாவே உள்ள பூச்சி இருக்கா?

இல்ல. கண்ணுக்குத் தெரியிற புழுவோ பூச்சியோ எதுவும் இல்ல. 1728-லயே பிரான்ஸ்ல பியர் ஃபோஷார்ங்குற டாக்டர் இந்தப் புழு கதையை மறுத்து எழுதிட்டாரு. வாயில எல்லாருக்குமே கிருமி இருக்கு, நாம சாப்பிடுற சர்க்கரையை அதுவும் சாப்பிட்டு ஆசிட்டா வெளிய விடுது. அந்த ஆசிட் பல்லு மேல இருக்குற கெட்டியான எனாமல்ல இருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைச்சு எடுக்குது. கொஞ்ச நேரத்துல எச்சில் வந்து ஆசிட்டைக் கழுவி, கரைஞ்ச சத்தைத் திரும்பப் பல்லுலயே ஒட்ட வைக்குது.

இந்தக் கரையிறதும் ஒட்டுறதும் தினமும் நடந்துக்கிட்டே தான் இருக்கு. கரையிறது கூடிப்போச்சுன்னா சொத்தை. அதனால சொத்தை ஒரே நாள்ல வர்றதில்ல, பல மாசம் ஆகும், சிலருக்கு வருஷக் கணக்குல ஆகும். நடுவுல நிறுத்துறதுக்கு நமக்கு நெறைய வாய்ப்பு இருக்கு. வலி வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தா அந்த வாய்ப்பு எல்லாமே கைவிட்டுப் போயிடும். நான் சொல்ல வந்ததே இது தான், மிச்ச பதில் எல்லாம் இதைச் சுத்தித் தான் வரும்.

அப்போ இனிப்பைக் கொறச்சா போதுமா? ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடலாம்?

அளவும் முக்கியம், அதை விட எத்தனை தடவைங்குறது முக்கியம். ஒரு வாய் இனிப்பு போனா சில நிமிஷத்துலயே வாயில ஆசிட் ஏறிடும், எச்சில் அதைச் சரி பண்ண அரைமணி நேரம், சிலருக்கு ஒரு மணி நேரம் ஆகும். சாப்பாட்டோட சேத்து ஒரு லட்டு சாப்பிட்டா ஒரு தடவை தான் அடி. அதே லட்டைப் பிட்டுப் பிட்டு சாயங்காலம் பூரா கடிச்சா பல்லுக்கு எந்திரிக்கவே நேரம் கெடைக்காது.

நம்ம ஊர்ல பிரச்சனை லட்டு இல்ல, லப்பயேங்குற பால் டீ தான். டீக்கடையில டம்ளர்ல கீழ நோஸிங்குற கெட்டி இனிப்பு டப்பாப் பாலை ரெண்டு விரல் அளவு ஊத்தி மேல டிக்காஷன் ஊத்துறாங்க, அதை ஒரு மணி நேரம் உக்காந்து மெதுவா உறிஞ்சுறோம், மிச்ச நேரத்துக்கு வெறும் பச்சைத் தேத்தண்ணி மேசையிலயே இருக்கு, அதைக் குடிக்கிறதுக்குள்ள அடுத்த டீ. வீட்டுலன்னா சர்க்கரையும் பால்பொடியும் கலந்து வர்ற காஃபிமிக்ஸ் பாக்கெட், காலைல ஒண்ணு, கடை தொறந்ததும் ஒண்ணு, மூணு மணிக்கு ஒண்ணு. டீயை விடச் சொல்லல. உக்காந்து ஒரே மூச்சா குடிச்சு முடிங்க, அப்புறம் அந்தப் பச்சைத் தேத்தண்ணியை நல்லாக் குடிங்க.

அளவுன்னு கேட்டா, உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொன்னது, சேத்துக்குற சர்க்கரை மொத்த சாப்பாட்டு சக்தியில 10 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும், 5 சதவீதத்துக்குக் கீழன்னா இன்னும் நல்லது. அந்த 5 சதவீதம்ங்குறது பெரியவங்களுக்குக் கிட்டத்தட்ட 25 கிராம், ஆறு டீஸ்பூன். டீ, காஃபிமிக்ஸ், பிஸ்கட் எல்லாத்துலயும் இருக்குறதைச் சேத்துத் தான் ஆறு.

வெல்லம், தேன், பனவெல்லம் எல்லாம் இயற்கை தானே, அது ஒண்ணும் பண்ணாதே?

கிருமிக்கு இயற்கை, கடைச் சர்க்கரைன்னு வித்தியாசம் தெரியாது. சாப்பாடு முடிச்சதும் பனவெல்லம் ஒரு துண்டு வாயில போட்டு ஒதுக்கி வச்சுக்குற பழக்கம் நம்மகிட்டயும் இருக்கு பர்மாக்காரங்ககிட்டயும் இருக்கு. அது மெல்லக் கரைஞ்சு கடவாய்ப்பல் குழியில ஒட்டிக்கிது, முட்டாய் மாதிரியே தான்.

ஒட்டுற இனிப்பை அடிக்கடி தின்னா என்ன ஆகும்னு 1940-கள்ல ஸ்வீடன்ல விபெஹோல்ம்ங்குற மனநல விடுதியில பாத்தாங்க. சாப்பாட்டு நேரத்துல மட்டும் இனிப்பு குடுத்தவங்களுக்குச் சொத்தை அவ்வளவா ஏறல, சாப்பாட்டுக்கு நடுநடுவுல ஒட்டுற டாஃபி குடுத்தவங்களுக்குப் பல் பாழாப் போச்சு. சம்மதம் சொல்ல முடியாத நோயாளிங்க மேல இதைச் செஞ்சது பெரிய அநியாயம், இன்னைக்கு யாரும் அப்படிச் செய்ய விடமாட்டாங்க. ஆனா அவங்க பல்லு குடுத்த பாடத்தை நாம மறக்கக் கூடாது.

விழுந்து மொளைக்கிற பால் பல்லு தானே, அதுக்குப் போய் எதுக்கு வைத்தியம்?

இந்தக் கேள்வி கேக்கும்போது தான் எனக்கு மனசு கஷ்டமாயிடும். முன்பல் ஆறு ஏழு வயசுல விழும், சரி. பின்னால இருக்குற பால் கடவாய்ப்பல் பத்து, பன்னெண்டு வயசு வரைக்கும் வாயில இருக்கணும். நாலு வயசுல சொத்தைன்னா பிள்ளை அந்தப் பல்லை வச்சுக்கிட்டு இன்னும் ஏழெட்டு வருஷம் மெல்லணும், தூங்கணும், பள்ளிக்கூடம் போகணும்.

என் வகுப்புல ஒரு அஞ்சு வயசுப் பொண்ணு, பொங்கலுக்குக் கரும்பு குடுத்தா வாங்கி மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. ஏன்டா சாப்பிடலன்னு கேட்டா வாயைத் தொறந்து காட்டுச்சு, ரெண்டு பக்கமும் பல் குச்சி குச்சியா நிக்குது, ஈறுல சீழ்க் கொப்புளம் ஒண்ணு. அது வலின்னு சொல்லவே இல்ல, வலி இல்லாம ஒரு நாள் எப்படி இருக்கும்னே அதுக்குத் தெரியல. பால் பல்லுல சீழ் வச்சா கீழ வளருற புதுப்பல்லையும் கெடுக்கலாம், சீக்கிரம் புடுங்கினா பக்கத்துப் பல் சாஞ்சு புதுப்பல் வர எடம் இல்லாம கோணலாகும்.

கைக்குழந்தைக்கு எப்போல இருந்து பல் வெளக்கணும், எந்த பேஸ்ட்?

மொத பல் வெளிய வந்த அன்னைலருந்து. பெரும்பாலும் ஆறு மாசம் ஒட்டி வரும். மூணு வயசு வரைக்கும் பிரஷ்ல ஒரு அரிசி அளவு பேஸ்ட், மூணுல இருந்து ஆறு வரைக்கும் ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்துல காட்டுற மாதிரி பிரஷ் பூரா நீட்டி வைக்க வேண்டாம். ஏழெட்டு வயசு வரைக்கும் நீங்க கூட நின்னு வெளக்கி விடணும், பிள்ளை கையில பிரஷ்ஷைக் குடுத்தா கடிச்சு சப்பிட்டுப் போயிடும்.

பல்லைக் கெட்டியாக்குற ஃப்ளோரைடு எத்தனை பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல எத்தனை பங்குன்னு டப்பாவுல போட்டிருக்கும், 1000-க்குக் கொறயாம பாத்து வாங்குங்க. பெரியவங்களுக்கு 1450 வரைக்கும் வருது. பழ வாசம் வர்ற பிள்ளைங்க பேஸ்ட் சிலதுல ஃப்ளோரைடே இருக்காது, அழகா படம் மட்டும் இருக்கும். பல் வெளக்கினா சொத்தை வராதுன்னு நாம நெனைக்கிறோம், உண்மையில சொத்தையைத் தடுக்குறதுல பெரிய பங்கு அந்த ஃப்ளோரைடுக்குத் தான். காக்ரேன்னு ஆய்வுகளைத் தொகுக்குற அமைப்பு 2003-ல 70 ஆய்வு, 42,300 பிள்ளைங்க கணக்கைச் சேத்துப் பாத்தப்போ ஃப்ளோரைடு பேஸ்ட் போட்டவங்களுக்குச் சொத்தை சராசரியா 24 சதவீதம் கொறஞ்சிருந்துச்சு.

ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, அதுல ஒண்ணு படுக்கப் போறதுக்கு முன்னாடி. தூக்கத்துல எச்சில் சுரக்குறது ரொம்பக் கொறஞ்சிடும், பல்லைக் காப்பாத்த ஆளே இருக்காது. வெளக்கினதும் நொரையைத் துப்புங்க, ஆனா தண்ணி ஊத்தி ஊத்திக் கொப்பளிக்காதீங்க, போட்ட மருந்து பூராவும் அதோட போயிடும். காலைல மட்டும் வெளக்குறவங்க தான் நம்மில் அதிகம். ஒண்ணே ஒண்ணு தான் மாத்த முடியும்னா ராத்திரி வெளக்குறதை ஆரம்பிங்க.

ஃப்ளோரைடு விஷம், மூளைக்குக் கெடுதல்னு ஃபோன்ல வீடியோ வந்துச்சே?

அதுல ஒரு பாதி உண்மை இருக்கு, அதனால தான் சனங்க பயப்படுறாங்க. அமெரிக்க அரசு ஆய்வு அமைப்பு ஒண்ணு 2024-ல சொன்னது, லிட்டர் தண்ணிக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல ஃப்ளோரைடு இருக்குற எடங்கள்ல பிள்ளைங்களோட ஐக்யூ கொறஞ்சு தெரியுதுன்னு. அது குடிக்கிற தண்ணி, வருஷக்கணக்கா. அந்த 1.5 தான் உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்குற வரம்பும். நம்ம நாட்டுல மிஞ்ஜான் பக்கம் மாதிரி வறண்ட ஊர்கள்ல சில கெணத்துத் தண்ணியில ஃப்ளோரைடு கூடுதலா இருக்குன்னு பரிசோதனையில வந்திருக்கு, அந்தப் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா தண்ணியைப் பரிசோதிக்கச் சொல்லுங்க. கூடிப்போனா பல்லுல வெள்ளைத் திட்டு, பழுப்புத் திட்டு விழும்.

பேஸ்ட் கணக்கு வேற. 1000 பிபிஎம் பேஸ்ட்ல அரிசி அளவுன்னா ஃப்ளோரைடு 0.1 மில்லிகிராம் தான், பிள்ளை அதை முழுங்கினாலும் ஆபத்து இல்ல. ஆனா பத்து கிலோ எடை இருக்குற பிள்ளை அம்பது கிராம் பேஸ்ட், அதாவது பெரிய ட்யூப்ல பாதி, ஒரே தடவையா தின்னா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். ட்யூப்பை மேல எட்டாத எடத்துல வைங்க, அவ்வளவு தான்.

எங்க அப்பாயி உமிக்கரி, வேப்பங்குச்சி போட்டே எம்பது வயசு வரைக்கும் கரும்பு கடிச்சாங்களே?

அப்பாயி காலத்துல காஃபிமிக்ஸ் இல்ல, நோஸி டப்பா திருநாளுக்குத் தான் ஒடைச்சிருப்பாங்க. அவங்க பல்லைக் காப்பாத்தினது உமிக்கரின்னு நாம நெனைக்கிறோம், சாப்பாடு தான் காப்பாத்தியிருக்கு. வேப்பங்குச்சி நல்லா மென்னு தேச்சா அழுக்கு போகும், அதுல தப்பில்ல, ஆனா அதுல ஃப்ளோரைடு இல்ல. உமிக்கரி, செங்கப்பொடி, கல்லுப்பு எல்லாம் எனாமலைத் தேய்ச்சு எடுத்துடும், போன எனாமல் திரும்ப வராது. குச்சி போடாம இருக்க முடியாதுன்னா காலைல குச்சி, ராத்திரி பேஸ்ட்.

நல்லெண்ணெய் கொப்பளிச்சா சொத்தை ஆறிடுமா?

ஆறாது. ஈறு வீக்கமும் அழுக்கும் கொஞ்சம் கொறையுதுன்னு சின்னச் சின்ன ஆய்வு இருக்கு, சொத்தையைத் தடுக்கும்னு எதுவும் நிரூபணம் ஆகல. புடிச்சா செய்யுங்க, பேஸ்ட்டுக்குப் பதிலா செய்யாதீங்க.

பிள்ளை ராத்திரி பாட்டில் இல்லாம தூங்க மாட்டேங்குது. தாய்ப்பாலும் பல்லுக்குக் கெடுதலா?

பாட்டில்ல நோஸியோ சர்க்கரை போட்ட பாலோ ஊத்தி வாயில வச்சபடியே தூங்க விட்டா மேல் முன்பல் நாலும் தான் மொதல்ல போகும், கீழ்ப்பல்லை நாக்கு மறைச்சுக்கும். எங்க க்ளினிக்குக் கொண்டு வர்ற ரெண்டு வயசுப் பிள்ளைங்கள்ல முக்காவாசிப் பேருக்கு இதே கதை தான். ஒரேயடியா நிறுத்தினா வீடு ரெண்டாயிடும், அதனால வாரத்துக்கு வாரம் பால்ல தண்ணியைக் கூட்டிக்கிட்டே வாங்க, கடைசியில வெறும் தண்ணி பாட்டிலா ஆயிடும்.

தாய்ப்பால் வேற விஷயம். ஒரு வயசு வரைக்கும் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைங்களுக்குச் சொத்தை கம்மின்னு தான் ஆய்வு சொல்லுது. ரெண்டு வயசுக்கு மேலயும் ராத்திரி பூரா குடிச்சா சொத்தை கூடுது. அதுக்காகப் பாலை நிறுத்துங்கன்னு நான் சொல்ல மாட்டேன், படுக்கும் முன்ன அரிசி அளவு பேஸ்ட் போட்டு வெளக்கி விடுங்க.

பல்லுல ஓட்டை இல்ல, ஈறு ஓரமா வெள்ளைக் கோடு தெரியுது. அது என்ன?

அது தான் சொத்தையோட ஆரம்பம், அதைக் கண்டுபிடிச்சீங்கன்னா உங்க பிள்ளைக்கு அதிர்ஷ்டம். மாசத்துக்கு ஒருக்கா பிள்ளையை மடியில சாய்ச்சு மேலுதட்டைத் தூக்கி, பஞ்சால பல்லை ஒத்தி எடுத்துட்டு ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. ஈரமா இருக்கும்போது ஒண்ணும் தெரியாது, காஞ்சதும் ஈறு ஓரத்துல சாக்பீஸ்ல கோடு இழுத்த மாதிரி பளபளப்பு இல்லாம வெள்ளையாத் தெரியும்.

மேல்தோல் ஒடையாத வரைக்கும் அது திரும்பிக் கெட்டியாகும். துரப்பணம் வேண்டாம், ஊசி வேண்டாம். பேஸ்ட், ராத்திரி பாட்டிலை நிறுத்துறது, க்ளினிக்ல ஃப்ளோரைடு வார்னிஷ் தடவுறது, இது போதும். ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா அந்தக் கோடு மழமழன்னு பளபளப்பா மாறியிருக்கும், அப்படின்னா சொத்தை நின்னுடுச்சு.

வார்னிஷ், சீலண்ட்னு சொல்றாங்க, காசு புடுங்குற வேலையா?

இல்ல. பணம் அளவா இருக்குற வீட்டுக்குத் தான் இது ரொம்ப லாபம். வார்னிஷ்ங்குறது பல்லுல பிரஷ்ஷால தடவுற பிசின் மாதிரி மருந்து, ரெண்டு நிமிஷ வேலை, வருஷத்துக்கு ரெண்டு தடவை. மேல சொன்ன காக்ரேன்காரங்க 2013-ல கணக்குப் பாத்தப்போ பால் பல்லுல 37 சதவீதமும் நெலையான பல்லுல 43 சதவீதமும் சொத்தை கொறஞ்சிருந்துச்சு.

சீலண்ட் ஆறு வயசுல பின்னாடி மொளைக்கிற மொத நெலையான கடவாய்ப்பல்லுக்கு. எந்தப் பல்லும் விழாம பின்னால புதுசா வர்றதால அதைப் பால் பல்லுன்னு நெனைச்சு நெறைய பேர் விட்டுடுறாங்க. அது வாழ்நாள் பூரா இருக்க வேண்டிய பல்லு. மேல ஆழமான வரி இருக்கும், பிரஷ் முடி உள்ள போகாது, அந்த வரியை மருந்து ஊத்தி மூடிடுறது தான் சீலண்ட். ரெண்டு வருஷத்துல சொத்தை 11-ல இருந்து 51 சதவீதம் வரைக்கும் கொறையுதுன்னு காக்ரேன்காரங்களோட 2017 தொகுப்புல இருக்கு, சொத்தை அதிகமா வர்ற பிள்ளைக்குப் பலனும் அதிகம்.

டாக்டர் ஒரு சொட்டு மருந்து வச்சாரு, பல்லு கருப்பாயிடுச்சு. ஏமாத்திட்டாரா?

ஏமாத்தல, ஆனா முன்னாடியே கருப்பாகும்னு உங்ககிட்ட சொல்லியிருக்கணும். அது வெள்ளியும் ஃப்ளோரைடும் கலந்த மருந்து, சில்வர் டயமின் ஃப்ளோரைடுன்னு பேரு, 38 சதவீதம் உள்ளது. வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃப்ளோரைடு பல்லைக் கெட்டியாக்கும், சொத்தை இருந்த எடம் மட்டும் கருத்துக் கல்லாயிடும். கருப்பாச்சுன்னா மருந்து வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். ஊசி இல்ல, மிஷின் சத்தம் இல்ல, பயந்து அலர்ற மூணு வயசுப் பிள்ளைக்கு இதை விட்டா நல்ல வழி கெடையாது. 2021-ல உலக சுகாதார நிறுவனம் இதையும் ஃப்ளோரைடு பேஸ்ட்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேத்துடுச்சு.

ஒரு தடவை வச்சா முடிஞ்சுதுன்னு இல்ல, ஆறு மாசத்துக்கு ஒருக்கா திரும்ப வைக்கணும். சீழ் வச்ச பல்லுக்கும் ராத்திரி தூக்கம் கெடுக்குற வலிக்கும் இது சரிப்படாது.

பிள்ளைக்குச் சொத்தையைச் சுரண்டாமலே ஸ்டீல் கேப் மாட்டிட்டாங்க. உள்ள அரிச்சுக்கிட்டே இருக்காதா?

அரிக்காது. உள்ள இருக்குற கிருமிக்குச் சர்க்கரை போய்ச் சேரணும், அந்த வழியை அடைச்சுட்டா பட்டினி கெடந்து அடங்கிடும். ஸ்காட்லாந்துல நோர்னா ஹால்ங்குற பல் டாக்டர் இப்படித் தான் செஞ்சாங்க, அவங்க பேர்லயே ஹால் முறைன்னு சொல்றாங்க. 132 பிள்ளைங்களுக்கு ஒரு பல்லுல ஹால் கேப், இன்னொரு பல்லுல வழக்கமான ஃபில்லிங்னு போட்டு அஞ்சு வருஷம் பாத்தாங்க. வலி, சீழ்னு பெரிய தோல்வி கேப்ல 3 சதவீதம், ஃபில்லிங்ல 16.5 சதவீதம். பல் விழும்போது கேப்பும் சேந்தே விழுந்துடும்.

எனக்கு ஃபில்லிங் பண்ணும்போது அடியில கொஞ்சம் சொத்தையை விட்டுட்டேன்னு டாக்டரே சொல்றாரு. சரியா?

மேல கேப் கேள்விக்குச் சொன்ன அதே காரணம் தான். ஆழமான சொத்தையை ஒண்ணு விடாம சுரண்டினா நரம்பு தெரிஞ்சு போய் ரூட் கெனால், அதாவது நரம்பை எடுத்துட்டு வேரை அடைக்கிற வைத்தியம் வரைக்கும் இழுத்துடும். சுத்தி ஓரமெல்லாம் சுத்தமா எடுத்துட்டு நரம்புக்கு மேல மட்டும் கொஞ்சம் விட்டு நல்லா அடைச்சா நரம்பு பொழைக்கிற வாய்ப்பு கூடுதுன்னு இப்போ ஆய்வுங்க சொல்லுது. உங்ககிட்ட வாயைத் தொறந்து சொன்னாரே, நல்ல டாக்டர்.

பழைய வெள்ளி ஃபில்லிங்ல பாதரசமாமே, எடுத்துடணுமா?

அதுல பாதி எடை பாதரசம் தான். ஆனா நல்லா இருக்குற ஃபில்லிங்கை நோண்டாதீங்க, நோண்டும்போது தான் பாதரச ஆவி அதிகமா வரும். புதுசா போடுறதா இருந்தா பதினஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கும் கர்ப்பிணிக்கும் வேண்டாம்னு சொல்றாங்க. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள்ல 2025 ஜனவரியில இருந்து நிறுத்திட்டாங்க, முக்கியமா தண்ணியிலயும் மீன்லயும் பாதரசம் சேருதுன்னு தான்.

பல்வலிக்குக் கடையில கலந்து கட்டிக் குடுக்குற மாத்திரை போட்டா நின்னுடுது, அப்புறம் எதுக்கு டாக்டர்?

வலி நிக்கிறது ரெண்டு காரணத்தால. ஒண்ணு மாத்திரை, இன்னொண்ணு நரம்பு செத்துப் போறது. ரெண்டாவது தான் பயம், வலி போச்சுன்னு நீங்க சந்தோஷமா இருப்பீங்க, வேர் நுனியில சீழ் சேந்துக்கிட்டு இருக்கும். அந்தப் பொட்டலத்துல என்னென்ன இருக்குன்னு கடைக்காரர்கிட்ட கேட்டா கூடச் சரியாச் சொல்ல மாட்டாரு. வெறும் பல்வலிக்கு ஆன்ட்டிபயாட்டிக் வேலை செய்யாது, சொத்தைக்குள்ள அது போய்ச் சேராது.

டாக்டரைப் பாக்குற வரைக்கும் பெரியவங்களுக்கு இபுப்ரொஃபென் 400, பாரசிட்டமால் 500 சேத்து சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டா நல்லாக் கேக்கும். வயித்துப் புண், கிட்னி கோளாறு உள்ளவங்க, கர்ப்பிணி, இவங்க பாரசிட்டமால் மட்டும். மழைக்காலத்துல காய்ச்சலும் சேந்து இருந்தா டெங்குவா இருக்கலாம், அப்போ யாருமே இபுப்ரொஃபென், ஆஸ்பிரின் தொடக்கூடாது. பிள்ளைங்களுக்கு ஆஸ்பிரின் எப்பவுமே வேண்டாம். ஆஸ்பிரினை ஈறுல வச்சு அழுத்துறவங்க இருக்காங்க, ஈறு வெள்ளையா வெந்து போய் வருவாங்க. லவங்க எண்ணெய் பஞ்சுல தொட்டு வச்சா கொஞ்ச நேரம் மரத்துப் போகும், அது உண்மையான மருந்து தான்.

முகம் வீங்கி காய்ச்சல் வந்தா, வாயைத் தொறக்க முடியலன்னா, எச்சில் முழுங்க முடியலன்னா, வீக்கம் தாடைக்குக் கீழ கழுத்துக்கு எறங்கினா காலைல பாக்கலாம்னு இருக்காதீங்க. ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, மூச்சு அடைச்சு உயிரே போயிடும்.

மேல் பல்லைப் புடுங்கினா கண் பார்வை போயிடுமாமே?

போகாது. கண்ணுக்குப் போற பார்வை நரம்பு வேற, பல்லுக்குப் போற நரம்பு வேற. வயசானப்போ பல்லும் கெடுது பார்வையும் மங்குது, ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டுட்டாங்க. இந்தப் பயத்தால மேல் பல்லுல சீழோட மாசக்கணக்கா இருக்குறவங்களை நான் பாத்திருக்கேன், உண்மையில அந்தச் சீழ் மேல ஏறினா தான் கண்ணுக்கு ஆபத்து.

ரூட் கெனால் பண்ணவா, புடுங்கிடவா? புடுங்குறது தானே செலவு கம்மி?

அன்னைக்குக் கம்மி. புடுங்கின எடத்துல பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் நீண்டு வரும், அப்புறம் கட்டுப் பல்லுக்கு எத்தனை லட்சம் கியாட்னு கேட்டுப் பாருங்க. ரூட் கெனால் நல்லா செஞ்சா பத்துல எட்டு ஒம்போது பல் பல வருஷம் நிக்கும், ஆனா கடவாய்ப்பல்லுக்கு மேல கேப் கண்டிப்பாப் போடணும், கேப்புக்குக் காசு இல்லன்னு விட்டவங்க பல் ரெண்டாப் பொளந்து திரும்ப வர்றாங்க. கேப்புக்கும் சேத்துக் கணக்குப் போட்டு முடிவெடுங்க. பல் தரைமட்டமா ஒடஞ்சிருந்தாலோ ரொம்ப ஆடினாலோ புடுங்குறது தான் சரி, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. செலவு பெரிசுன்னா யாங்கோன்லயும் மண்டலேயிலயும் பல் மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கு, அங்க போய் விசாரிங்க.

மாசமா இருக்கேன், பல் வைத்தியம் பண்ணலாமா? வயித்துப் பிள்ளை பல்லுல இருந்து சுண்ணாம்பு எடுத்துக்குமாமே?

பண்ணலாம். நாலாவது மாசத்துல இருந்து ஆறாவது மாசம் வரைக்கும் உக்காரத் தோதா இருக்கும், அவசரம்னா எந்த மாசமும் பண்ணலாம், மரக்குற ஊசியும் போடலாம், மாசமா இருக்கேன்னு மொதல்லயே சொல்லிடுங்க. பிள்ளை பல்லுல இருந்து எதையும் எடுக்காது. மசக்கையில வாந்தி எடுத்து எடுத்து ஆசிட் பல்லுல படுது, வாய்க்குப் புளிப்பும் இனிப்புமா அடிக்கடி எதையாவது கடிக்கிறோம், அதனால தான் கெடுது. வாந்தி எடுத்த உடனே பிரஷ் போடாதீங்க, தண்ணியில கொப்பளிச்சுட்டு அரைமணி கழிச்சு வெளக்குங்க.

வெத்தலை போட்டா பல்லு கெட்டிப்படும், சொத்தை வராதுன்னு பெரியவங்க சொல்றாங்களே?

வெத்தலை போடுறவங்களுக்குச் சொத்தை கம்மின்னு சில ஆய்வுல வந்தது உண்மை தான், மறைக்க மாட்டேன். ஆனா பாக்கு கடிச்சுக் கடிச்சு பல்லு மேல்பகுதி தட்டையாத் தேய்ஞ்சு போகுது, ஈறு எறங்குது, வேர் வெளிய வருது. அதை விடப் பெருசு ஒண்ணு இருக்கு. புகையிலை இல்லாம வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லயே சொல்லிடுச்சு. தெருமுனைக்குத் தெருமுனை குன்யாங்குற வெத்தலைபாக்குக் கடை இருக்குற ஊர்ல நாம இருக்கோம், இதைச் சொல்லாம இருக்க எனக்கு மனசு வரல.

உங்க மூணு விரலை செங்குத்தா வாய்க்குள்ள விட்டுப் பாருங்க. போகலன்னா, காரம் பட்டா வாய் எரிஞ்சா, கன்னத்து உள்பக்கம் வெளுத்து நாரு மாதிரி இறுகிப் போயிருந்தா, ரெண்டு வாரம் ஆறாத புண் இருந்தா, சொத்தைக்கு வர்றதை விட அவசரமா வாங்க.

அப்பாவுக்கு எழுபது வயசு, சுகர் இருக்கு. சின்ன வயசுல சொத்தையே இல்ல, இப்போ ஈறு ஓரமா எல்லாப் பல்லும் போகுது, ஏன்?

வயசாக ஆக ஈறு எறங்கி வேர் வெளிய தெரியுது. வேருக்கு மேல எனாமல் கெடையாது, அதனால சீக்கிரம் கரையும். சுகரும் பிரஷர், தூக்க மாத்திரைங்களும் வாயைக் காய வைக்குது, எச்சில் இல்லன்னா மொத கேள்வியில சொன்ன திரும்ப ஒட்டுற வேலை நடக்காது. வாய் காயுதுன்னு முட்டாய் சப்புவாங்க, அது இன்னும் மோசம். தண்ணியை அடிக்கடி ஒரு வாய் குடிக்கட்டும், சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லட்டும். 5000 பிபிஎம் பேஸ்ட் பெரியவங்களோட வேர்ச் சொத்தைக்குன்னே இருக்கு, டாக்டர் எழுதிக் குடுத்தா மட்டும், பிள்ளைங்க கைக்குப் போகாம வச்சு உபயோகிக்கணும். சுகர் கட்டுல இருந்தா ஈறும் நல்லா இருக்கும்.

ஒண்ணும் இல்லன்னாலும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா போகணுமா?

எல்லாருக்கும் இல்ல. இங்கிலாந்துப் பக்கம் 2,372 பெரியவங்களை நாலு வருஷம் பாத்தாங்க, 2020-ல முடிவு வந்துச்சு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா போனவங்களுக்கும், அவங்கவங்க பல் நெலமைக்குத் தக்கபடி இடைவெளி விட்டவங்களுக்கும், ஆபத்து கம்மியா இருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா போனவங்களுக்கும் பல் நெலமையில பெரிய வித்தியாசம் இல்ல. சொத்தை வந்துக்கிட்டே இருக்குற பிள்ளை, சுகர்க்காரங்க, வாய் காயுறவங்க, இவங்க தான் மூணு மாசம், ஆறு மாசம்னு வரணும்.

வீட்டுல எல்லாரும் ஒரே சாப்பாடு, ஒரே பேஸ்ட். சின்னவனுக்கு மட்டும் ஏன் சொத்தை?

பல்லோட அமைப்பு, எச்சில், வரியோட ஆழம், இதெல்லாம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும், அது உண்மை. ஆனா அதோட விட்டுடாதீங்க. இதே கேள்வியோட வந்த ஒரு அம்மாவை எங்க டாக்டர் ஒரு வேலை செய்யச் சொன்னாரு, மூணு நாளைக்குச் சின்னவன் வாயில என்ன போகுது, எத்தனை மணிக்குங்குறதை மட்டும் ஒரு தாள்ல எழுதச் சொன்னாரு, திட்டக்கூடாது, தடுக்கக்கூடாது, எழுதினா போதும்.

நாலாம் நாள் தாளைக் கொண்டு வந்தாங்க. பெரியவன் பள்ளிக்கூடம் போயிடுறான், சின்னவன் பகல் பூரா தாத்தாவோட மளிகைக் கடையில உக்காந்திருக்கான், வர்ற போறவங்க எல்லாம் கன்னத்தைக் கிள்ளிட்டு ஆளுக்கு ஒரு முட்டாய் குடுக்குறாங்க. ஒரு நாளைக்குப் பதினோரு தடவை எழுதியிருந்துச்சு. அந்தம்மா அழுதுட்டாங்க. தாத்தா மறுநாளே முட்டாய் பாட்டிலை மேல் தட்டுல தூக்கி வச்சுட்டு, பிள்ளைக்கு வறுத்த கடலையை ஒரு கிண்ணத்துல போட்டு வச்சாரு. ரெண்டு பல்லுக்குக் கருப்பு மருந்து வச்சோம், ஒண்ணுக்குக் கேப் போட்டோம். போன மாசம் திரும்ப வந்தான், புதுச் சொத்தை ஒண்ணும் இல்ல.